நர்ஸ் "நீயே கொடுத்துவிடு" என்றால் கொடுக்கலாமா? மெடிகேஷன் எய்டு எதுவரை போகலாம்

#1 | மாத்திரைவண்டி

எல்லோருக்கும் வணக்கம். டெக்சஸில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் நர்ஸ் எய்டாக இருந்தேன். 140 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் முடித்து மெடிகேஷன் எய்டாகி, அதாவது நர்ஸின் மேற்பார்வையில் மருந்து கொடுக்கும் உதவியாளராகி, மூன்று மாதம் ஆகிறது. மாலை ஷிஃப்ட். என் வண்டியில் 26 பேருடைய மருந்து இருக்கும்.

நேற்று நடந்தது இது. ஆறரை மணிக்கு மருந்தகத்திலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. ஏழாம் அறைத் தாத்தாவுக்கு டாக்டர் அன்றுதான் எழுதிய இரத்த அழுத்த மாத்திரை, லிசினோபிரில் 10 மில்லிகிராம். மார் ஷீட்டில், அதாவது யாருக்கு எந்த மருந்து எப்போது என்று பதியும் தாளில், எட்டு மணிக்கு என்று ஏறியும் விட்டது. எட்டு மணிக்கு நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஹாலின் மறுகோடியில் ஒருவர் விழுந்துவிட்டார். நர்ஸ் அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். புது மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். தலையைத் திருப்பாமலே, "நீயே கொடுத்துவிடு, கையெழுத்தை அப்புறம் போடுகிறேன்" என்றார்.

நான் கொடுக்கவில்லை. "முதல் டோஸ் நான் கொடுக்கக் கூடாதே" என்றேன். ஒன்பதேகாலுக்கு அவரே வந்து கொடுத்தார். ஷிஃப்ட் முடியும்வரை என்னிடம் பேசவில்லை.

பயிற்சியில் "செய்யக் கூடாதவை" என்று ஒரு நீண்ட பட்டியல் கொடுத்தார்கள். மனப்பாடம் செய்து தேர்விலும் எழுதிவிட்டேன். ஆனால் ஏன் என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு மாத்திரையைக் கப்பில் போட்டுத் தண்ணீரோடு கொடுப்பதில் முதல் நாள் என்ன, பத்தாம் நாள் என்ன? நான் செய்தது சரியா, இல்லை சட்டம் பேசி ஒரு நல்ல நர்ஸைப் பகைத்துக்கொண்டேனா?

#2 | விதிப்புத்தகம்

சரியாகத்தான் செய்தீர்கள். அந்த இல்லவாசிக்கு இதுவரை கொடுக்கப்படாத மருந்தின் முதல் டோஸை டெக்சஸில் மெடிகேஷன் எய்டு கொடுக்கக் கூடாது. முன்பு கொடுத்தார்களா இல்லையா என்பதை அவருடைய நடப்புப் பதிவேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். "வீட்டில் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாராம்" என்று மகள் சொல்வது கணக்கில் வராது. நர்ஸ் வாயால் சொன்னாலும் இந்தத் தடை விலகாது. அது அவர் கொடுக்கக்கூடிய அனுமதியே இல்லை.

கையோடு மற்றவையும்: ஊசி எந்த வகையிலும் கூடாது. வயிற்றுக் குழாய், மூக்குக் குழாய் வழியாக மருந்தோ உணவோ கூடாது. டோஸ் கணக்குப் போடக் கூடாது. டாக்டர் போனில் சொல்லும் உத்தரவை வாங்கக் கூடாது. தோல் கிழிந்தோ கொப்புளித்தோ இருக்கும் இடத்தில் மருந்து போடக் கூடாது.

#3 | ஓய்வுபெற்ற_சார்ஜ்நர்ஸ்

முப்பது வருஷம் இந்த ஹால்களில் நடந்தவள். நீங்கள் கேட்ட "ஏன்"-க்கு வருகிறேன்.

மாத்திரையை வாயில் போடுவது யார் கைக்கும் வரும். முதல் டோஸில் வேலையே அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. லிசினோபிரிலையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் டோஸிலேயே அழுத்தம் சட்டென்று இறங்கி, இரவு கழிவறைக்கு எழுந்தவர் தலைசுற்றி விழலாம். அபூர்வமாக உதடும் நாக்கும் வீங்கும். அது மூச்சுக்கே ஆபத்து. கொடுக்கும் முன் யாராவது அவருடைய ஒவ்வாமைப் பட்டியலைப் பார்க்க வேண்டும், ஏற்கெனவே நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறாரா, பொட்டாசியம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும், கொடுத்த பிறகு அவரைக் கவனிக்க வேண்டும். ஓர் ஆளின் உடல்நிலையை எடைபோட்டு முடிவெடுக்கும் வேலை இது. நர்ஸ் லைசென்ஸ் கொடுப்பதே அதற்காகத்தான்.

பட்டியலில் இருக்கும் எந்தத் தடையையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். எய்டின் கை எதையும் செய்யும். ஆனால் "இவருக்கு, இப்போது, இது சரியா?" என்ற கேள்வி எங்கே புதிதாக எழுகிறதோ அங்கே எய்டு நிற்க வேண்டும். நேற்றும் முந்தாநாளும் கொடுத்த அதே மருந்து, அதே டோஸ், அதே ஆள் என்றால் அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒருவர் பதில் சொல்லிவிட்டார். நீங்கள் அந்தப் பதிலை நிறைவேற்றுகிறீர்கள்.

இதயத்துக்கான டிஜாக்ஸினை எடுத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் முன் ஒரு முழு நிமிஷம் நாடி எண்ணுகிறீர்கள். 56 வருகிறது. "60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காதே" என்று உத்தரவிலேயே எழுதியிருந்தால் நீங்கள் நிறுத்திவிட்டு நர்ஸிடம் சொல்கிறீர்கள். முடிவு எழுத்தில் இருக்கிறது. அப்படி எதுவும் எழுதவில்லை என்றாலும் 56 உங்களை உறுத்த வேண்டும். ஆனால் அப்போது உங்கள் வேலை அந்த எண்ணைக் கொண்டுபோய் நர்ஸ் முன் வைப்பது. நீங்களாகவே "இன்றைக்கு வேண்டாம்" என்று தீர்மானிப்பதும் தப்பு, "பரவாயில்லை" என்று கொடுத்துவிடுவதும் தப்பு.

அந்த நர்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. கீழே விழுந்தவர் தலையில் கை வைத்திருக்கும்போது பின்னால் ஒருவர் வந்து மாத்திரையைப் பற்றிக் கேட்டால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். சொல்லியும் இருக்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. உங்கள் மேல் இருக்கும் கோபம் ரெண்டு நாளில் போய்விடும்.

#4 | பதினோருவருஷம்

எல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. நான் 11 வருஷமாக இந்த வண்டியைத் தள்ளுகிறேன். என் ஹாலில் யார் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளிப்பார், யார் தண்ணீரை முதலில் கேட்பார், யார் வலியை வாய்விட்டுச் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஏஜென்சியிலிருந்து இன்று வந்து நாளை போகிற நர்ஸுக்கு அவர்கள் பெயரே தெரியாது. ஆனால் முடிவெடுக்க வேண்டியது அவர்!

போன மாதம் ஒரு பாட்டி முழங்கால் வலியில் துடிக்கிறார். "தேவைப்பட்டால்" (பி.ஆர்.என்.) என்று அசெட்டமினோஃபென், அதாவது பாராசிட்டமால், எழுதியே இருக்கிறது. பி.ஆர்.என். என்பதால் நர்ஸைக் கேட்க வேண்டும். நர்ஸ் ஒரு மரணத்தோடு இருக்கிறார், குடும்பம் அழுதுகொண்டிருக்கிறது. 50 நிமிஷம் அந்தப் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மாத்திரை என் வண்டியில், மூன்றாம் இழுப்பறையில். என்னிடம் சாவி இருக்கிறது. கொடுக்க முடியவில்லை. யாரைக் காப்பாற்றியது இந்த விதி?

#5 | விதிப்புத்தகம்

பி.ஆர்.என். முழுத் தடை இல்லையே. பணியில் இருக்கும் நர்ஸோ, ஆன்-காலில் (இல்லத்தில் இல்லாமல் போனில் கிடைக்கும்படி) இருக்கும் நர்ஸோ, யாராவது ஒருவர் அனுமதித்தால் போதும். போனில் கேட்கலாம். என்ன அறிகுறி, எத்தனை மணிக்கு, எந்த நர்ஸிடம் சொன்னேன், எப்போது அனுமதித்தார் என்று எல்லாவற்றையும் பதிய வேண்டும். நர்ஸ் தன் ஷிஃப்ட் முடிவதற்குள், ஆன்-கால் நர்ஸ் என்றால் தன் அடுத்த ஷிஃப்ட் முடிவதற்குள், பதிவேட்டில் கூடவே கையெழுத்திட வேண்டும். ஒவ்வொரு முறை அறிகுறி வரும்போதும் புதிதாகக் கேட்க வேண்டும். காலையில் வாங்கிய அனுமதியை மாலைக்கு ஓட்ட முடியாது.

உங்கள் இல்லத்தில் ஆன்-கால் எண் வண்டியில் ஒட்டியிருந்ததா?

#6 | பதினோருவருஷம்

ஒட்டவில்லை. கேட்டும் பார்த்தாயிற்று. இன்னும் ஒட்டவில்லை.

#7 | ஓய்வுபெற்ற_சார்ஜ்நர்ஸ்

அப்படியென்றால் உங்கள் கோபம் நியாயம். ஆனால் அது விதிமேல் போக வேண்டிய கோபம் இல்லை, ஆள் போடாத நிர்வாகத்தின் மேல்.

ஏன் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும் என்பதற்கு என் வாழ்க்கையில் மறக்க முடியாத ஒரு இரவு உண்டு. எந்த இடம் என்று சொல்லவில்லை. ஓர் அம்மாள், எண்பது தாண்டியவர், தலைவலி என்று வாரம் மூன்று தடவையாவது மாத்திரை கேட்பார். எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். அன்றும் கேட்டார். எய்டு என்னிடம் வந்து, "வழக்கமான தலைவலிதான், அசெட்டமினோஃபென் கொடுக்கலாமா?" என்றாள். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே, "ஆனால் இன்றைக்கு வலது கையால் கப்பை வாங்கவில்லை, இடது கையால் வாங்கினார்" என்றாள்.

எழுந்து போனேன். வலது கைப்பிடியில் பலமில்லை. இரண்டு நாள் முன்பு கட்டில் கம்பியில் தலை இடித்திருக்கிறது, பெரிதாக ஒன்றும் இல்லை என்று யாரும் எழுதவில்லை. அவர் வார்ஃபரின் சாப்பிடுகிறவர். இரத்தம் உறையாத மருந்து, தலையில் அடி, புதுத் தலைவலி, ஒரு கை சோர்வு. ஆம்புலன்ஸ் வந்தது. மூளையைச் சுற்றி இரத்தக் கசிவு. பிழைத்துக்கொண்டார்.

மாத்திரையைக் கொடுத்திருந்தால் தலைவலி கொஞ்சம் அடங்கியிருக்கும், அவர் தூங்கியிருப்பார், நாங்களும் நிம்மதியாக இருந்திருப்போம். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. நான் "சரி" என்றுதான் சொல்லப் போனேன். எந்தக் கை என்று பார்த்தது அவள். பதினோருவருஷம், உங்களுக்கு அந்த மாதிரிக் கண் இருக்கிறது, சந்தேகமே இல்லை. நர்ஸிடம் கேட்பது அனுமதிக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். நீங்கள் பார்த்ததை இன்னொருவர் தலைக்குள் போட அதுதான் நேரம்.

#8 | பதினோருவருஷம்

அந்த எய்டுக்கு என் வணக்கம். ஒத்துக்கொள்கிறேன், பாதி. அந்த 50 நிமிஷத்தை மட்டும் யாரும் என்னிடம் நியாயப்படுத்த முடியாது.

#9 | மருந்தாளர்

மருந்தகத்திலிருந்து பார்க்கிறவன் நான். எய்டுகள் பக்கம் நான் அதிகம் பார்க்கும் தவறு பொடிப்பதில்தான். விழுங்க முடியாதவருக்கு எல்லாவற்றையும் சேர்த்துப் பொடித்து ஆப்பிள் கூழில் கலப்பது.

நெடுநேரம் மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்தால் 12 மணி நேரத்துக்கோ 24 மணி நேரத்துக்கோ உள்ள மருந்து ஒரே மூச்சில் உள்ளே போகிறது. வலிக்கான ஓபியாய்டு வகையில் அது ஆளையே கொன்றுவிடலாம். பெயருக்குப் பின்னால் ஈ.ஆர்., எக்ஸ்.ஆர்., எஸ்.ஆர். என்று இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். குடலில் கரைய வேண்டிய உறை போட்ட ஆஸ்பிரினைப் பொடித்தால் வயிற்றைக் காக்கும் உறையே போய்விட்டது. சிரமம் என்னவென்றால் எல்லா மருந்திலும் எழுத்து இருக்காது. சிறுநீர் தடைக்கான டாம்சுலோசின் காப்ஸ்யூலில் ஈ.ஆர். என்று ஒன்றும் இராது, ஆனாலும் திறக்கக் கூடாது. அதனால்தான் எய்டு தானாகப் பொடிக்கக் கூடாது, டாக்டரின் உத்தரவிலேயே இருக்க வேண்டும் அல்லது நர்ஸ் அனுமதிக்க வேண்டும், அதைப் பதியவும் வேண்டும். நடுவில் கோடு உள்ள மாத்திரையைப் பாதியாக உடைக்கலாம். அதுவும் நர்ஸ் டோஸைக் கணக்கிட்டு, எப்படி உடைப்பது என்று மார் ஷீட்டில் இருந்தால்தான்.

விழுங்கவில்லை என்றால் எங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். பல மருந்துகள் திரவமாகவே கிடைக்கும். இருமல் வருகிறது, கன்னத்தில் ஒதுக்குகிறார் என்ற தகவல் உங்களிடமிருந்துதான் வர முடியும்.

நேரமும் அப்படித்தான். தைராய்டுக்கான லெவோதைராக்ஸின் வெறும் வயிற்றில், உணவுக்கு அரைமணி முதல் ஒரு மணி முன். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கும் அதற்கும் 4 மணி இடைவெளி வேண்டும். எலும்புத் தேய்வுக்கான அலெண்ட்ரோனேட் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, அப்புறம் அரைமணி நேரம் படுக்கவே கூடாது. காலை வண்டியில் எல்லாவற்றையும் ஒரே கப்பில் போட்டுக் கொடுப்பது யாருக்கும் வசதிதான், மருந்துக்கு இல்லை.

ஹைட்ராலசின் இரத்த அழுத்தத்துக்கு, ஹைட்ராக்சிசின் அரிப்புக்கும் பதற்றத்துக்கும். இழுப்பறையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எடுக்கும்போது ஒரு தடவை, கப்பில் போடும்போது ஒரு தடவை, திரும்ப வைக்கும்போது ஒரு தடவை லேபிளைப் பாருங்கள் என்று சொல்வது சும்மா இல்லை.

#10 | இரவுஷிஃப்ட்

நடுவில் நுழைகிறேன். எங்கள் இல்லத்தில் அவசரமாகக் கிளம்பும் எய்டு ஆறு கப்பில் மாத்திரை போட்டு, கப்பின்மேல் அறை எண் எழுதி வைத்துவிட்டுப் போகிறார். "கொடுத்தால் போதும்" என்கிறார். கொடுக்கலாமா?

#11 | விதிப்புத்தகம்

கூடாது. நீங்கள் எடுக்காததை நீங்கள் கொடுக்காதீர்கள். கப்பில் விழுந்த பிறகு அது வெள்ளை வட்டம், அவ்வளவுதான். யார் எடுத்தாரோ அவரே கொடுக்க வேண்டும், கொடுத்தவரே பதிய வேண்டும். அந்த ஆறு கப்பையும் நர்ஸிடம் காட்டுங்கள்.

கட்டுப்பாட்டு மருந்துப் பெட்டியும் (ஓபியாய்டு போன்றவை பூட்டி வைக்கும் பெட்டி) இதே மாதிரிதான். ஷிஃப்ட் மாறும்போது இரண்டு பேரும் சேர்ந்து எண்ண வேண்டும், சாவி அதற்கு அப்புறம்தான் கைமாற வேண்டும். எண்ணாமல் சாவியை வாங்கினால் குறைந்ததற்கெல்லாம் நீங்கள்தான் பொறுப்பு.

#12 | கைநடுக்கம்

இதை எழுதலாமா என்று யோசித்தேன். போன வருஷம் நான் ஒரு தவறு செய்தேன். ஒரே குடும்பப்பெயர் உள்ள இரண்டு பேர், எதிரெதிர் அறை. புகைப்படத்தைப் பார்க்கவில்லை, பெயரைச் சொல்லி "நீங்கள்தானே?" என்றேன், மறதி நோய் உள்ளவர், "ஆமாம்" என்று தலையாட்டினார். விழுங்கி முடித்ததும் கப்பில் இருந்த பெயரைப் பார்த்தேன். இரத்த அழுத்தத்தையும் நாடியையும் குறைக்கும் மெட்டோப்ரோலால், இவருக்கு எழுதவே இல்லை.

ஐந்து விநாடி வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் பார்க்கவில்லை. அப்புறம் நர்ஸிடம் போய், "மெட்டோப்ரோலால் 25, தப்பான ஆள், இரண்டு நிமிஷம் முன்பு" என்றேன். அவர் திட்டவில்லை. நாடி, அழுத்தம் பார்த்தார், டாக்டரைக் கூப்பிட்டார், இரவு முழுக்க அடிக்கடி பார்த்தோம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சம்பவ அறிக்கை எழுதினேன். மறுபடி பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

"நீங்கள்தானே?" என்று இப்போது கேட்பதே இல்லை. "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்கிறேன். பதில் வரவில்லை என்றால் புகைப்படம், கைப்பட்டை, தெரிந்த இன்னொருவர்.

#13 | ஓய்வுபெற்ற_சார்ஜ்நர்ஸ்

அந்த ஐந்து விநாடிதான் இந்த வேலையிலேயே கடினமானது. நன்றி.

சர்வே சமயத்தில், அதாவது அரசு ஆய்வு நடக்கும்போது, நிர்வாகம் எல்லோரையும் மிரட்டுவது ஏன் தெரியுமா? மத்திய அரசு விதிப்படி நர்சிங் ஹோமில் மருந்துப் பிழை விகிதம் 5 சதவிகிதத்தைத் தொடக் கூடாது. ஆய்வாளர்கள் குறைந்தது 25 மருந்து கொடுப்பதை நேரில் நின்று பார்ப்பார்கள். 25-இல் ஒன்று தவறினால் 4 சதவிகிதம். இரண்டு தவறினால் 8, போச்சு. அதனால் சில இடங்களில் தவறை மறைக்கும் பழக்கம் வந்துவிடுகிறது. மறுத்துவிட்டார் என்றால் கொடுத்ததாகக் கையெழுத்து, தூங்கிவிட்டார் என்றால் கழிவறையில் மாத்திரை. மறுப்பது அவர் உரிமை. மறுத்தார் என்று காரணத்தோடு எழுதி நர்ஸிடம் சொல்லுங்கள். கூழில் ஒளித்து வைத்து ஏமாற்றிக் கொடுப்பது உங்கள் முடிவு இல்லை.

#14 | பக்கத்துமாநிலம்

ஒரு எச்சரிக்கை. மேலே சொன்னது டெக்சஸ் விதி. மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில இடங்களில் கூடுதல் பயிற்சி முடித்த எய்டுகள் இன்சுலின் போடுகிறார்கள். வேறு மாநிலத்தில் பழகியதை இங்கே செய்தேன் என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். வேலைக்குச் சேரும் முதல் நாளே உங்கள் மாநில விதியையும் இல்லத்தின் கொள்கையையும் கேட்டு வாங்குங்கள். கொள்கை விதியைவிடக் கடுமையாக இருக்கலாம், தளர்வாக இருக்க முடியாது.

#15 | மாத்திரைவண்டி

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாள் கழித்து எழுதுகிறேன்.

நர்ஸிடம் நானே போய்ப் பேசினேன். "அன்று மறுத்தது உங்களை நம்பாததால் இல்லை" என்றேன். "தெரியும். விழுந்தவரின் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. என் கோபம் எல்லாம் அங்கே" என்றார். அப்புறம் அவரே ஒரு யோசனை சொன்னார். புது மருந்து வந்ததும் நான் அதை வண்டியில் சேர்க்காமல் நர்ஸ் ஸ்டேஷனிலேயே தனி டப்பாவில் வைப்பது, அவசரத்தில் என் கைக்கே வராது. பதினோருவருஷம் சொன்னதைக் கேட்டு ஆன்-கால் எண்ணையும் கேட்டேன். இப்போது வண்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறது.

இன்று மாலை அந்த டப்பாவில் ஒரு புதுப் பொட்டலம். மேலே ஒரு துண்டுச்சீட்டு, நர்ஸின் கையெழுத்தில்: "முதல் டோஸ் நான். நாளையிலிருந்து நீ."

#16 | விதிப்புத்தகம்

நல்லது. நாளைக்கு வண்டியில் சேர்க்கும் முன் மார் ஷீட்டில் அவருடைய கையெழுத்து ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். துண்டுச்சீட்டு பதிவேடு ஆகாது.

#17 | பதினோருவருஷம்

ஒட்டிவிட்டார்களா? எங்கள் ஆட்களிடம் காட்ட வேண்டும், அந்த வண்டியை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். மார் ஷீட் தெரியாத மாதிரி எடுங்கள், யாருடைய பெயரும் விழக் கூடாது.